அமீரகத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மின்சார கார் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாய், ஷார்ஜா, அபுதாபி ஆகிய நகரங்களில் வேலை பார்க்கும் தமிழர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஷோரூமில் காரின் வேகம், ரேஞ்ச் (ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம்), திரையின் அளவு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்வார்கள். வாடகை வீட்டில் எப்படிச் சார்ஜ் செய்வது, ஜூலை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது காரை என்ன செய்வது, வேலை முடிந்து நிரந்தரமாகத் திரும்பும் நாளில் அதன் கதி என்ன என்பனவற்றை வாங்குபவரே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேள்விகள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன.

வெளிநாட்டவர் மின்சார கார் வாங்குவதற்குத் தனி விதிகள் உண்டா?

இல்லை. பெட்ரோல் கார் வாங்குவதற்குத் தேவையான அதே எமிரேட்ஸ் ஐடி, ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவை போதும். பதிவு முடிந்ததும் முல்கியா எனப்படும் பதிவு அட்டை கையில் கிடைத்துவிடும். கடனுக்கும் மத்திய வங்கியின் பொது வரம்புகள்தாம் பொருந்தும். காரின் விலையில் 20 சதவீதத்தை நாம் முன்பணமாகக் கட்ட வேண்டும், கடன் 60 மாதங்களுக்குள் அடைய வேண்டும், நம்முடைய எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

ஆட்டோமேட்டிக் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் ஓட்டலாமா?

ஓட்டலாம். மின்சார காரில் கியர் மாற்றும் வேலையே கிடையாது.

காரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இரவில் கார் நிற்கப்போகும் இடத்தை. எந்தக் கார் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஏனென்றால் ஒரே காரை வாங்கிய இருவரில் ஒருவர் மனநிறைவோடும் மற்றவர் சலிப்போடும் இருப்பதற்கு, நானறிந்த வரையில், பெரும்பாலும் பார்க்கிங்தான் காரணமாக இருக்கிறது. வில்லாவிலோ டவுன்ஹவுஸிலோ குடியிருந்து, வாசலிலேயே காரை நிறுத்துகிறவருக்கு மின்சார கார் மிகவும் வசதியானது: இரவு பத்து மணிக்குச் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் தேவையான அளவு ஏறியிருக்கும். கட்டடத்தில் தமக்கென எண் ஒதுக்கப்பட்ட பார்க்கிங் உள்ளவருக்கு, நிர்வாகம் இசைந்தால், ஏறத்தாழ அதே வசதி கிடைக்கும். ஷார்ஜாவிலும் துபாயின் தேரா பகுதியிலும் தெருவோரத்தில், மணல் திடலில், இடம் கிடைத்த மூலையில் நிறுத்துகிறவர்களுடைய நிலைமை முற்றிலும் வேறு. அவர்கள் ஒவ்வொரு யூனிட்டையும் வெளியில்தான் வாங்க வேண்டும். அதற்காக நேரமும் ஒதுக்க வேண்டும்.

ஆகவே வாடகை ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தால், வீடு மாறிய பிறகு காரை முன்பதிவு செய்வதே நல்லது. கார் வந்த மூன்றாம் மாதம் சார்ஜர் இல்லாத கட்டடத்துக்குக் குடிபோக நேர்ந்தால், முதலில் போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும்.

பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

நடுத்தர அளவுள்ள மின்சார கார் ஒன்று, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, சார்ஜ் ஆகும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, 100 கி.மீ.க்கு ஏறத்தாழ 18 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போய் வருகிறவர் மாதம் 2,000 கி.மீ. ஓட்டுவதாகக் கொண்டால், தேவைப்படுவது 360 யூனிட்.

வீட்டில் ஒரு யூனிட்டுக்குச் சர்சார்ஜும் (மின்வாரியத்தின் கூடுதல் கட்டணம்) வரியும் சேர்ந்து 36 ஃபில்ஸ் (100 ஃபில்ஸ் ஒரு திர்ஹம்) ஆவதாகக் கொண்டால் மாதச் செலவு சுமார் 130 திர்ஹம். கூட்டாட்சி அரசின் யுஏஇவி சார்ஜிங் நிலையங்களில் 2025 முதல் மெதுவான ஏ.சி. (மாறுதிசை மின்சாரச்) சார்ஜருக்கு யூனிட்டுக்கு 70 ஃபில்ஸும், வேகமான டி.சி. (நேர்திசை மின்சாரச்) சார்ஜருக்கு 1 திர்ஹம் 20 ஃபில்ஸும், இவற்றின் மேல் 5 சதவீத வாட் வரியும் வசூலிக்கப்படுகின்றன. அதன்படி, முழுவதையும் ஏ.சி. சார்ஜரில் ஏற்றினால் சுமார் 265 திர்ஹம், டி.சி. சார்ஜரில் ஏற்றினால் சுமார் 454 திர்ஹம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் இரண்டரை திர்ஹம் என்று கொண்டால், அதே தூரத்துக்கு ஆகும் செலவு சுமார் 333 திர்ஹம். அமீரகத்தில் பெட்ரோல் விலை 2015 ஆகஸ்ட் முதல் மாதந்தோறும் மாற்றி அறிவிக்கப்படுவதால், இந்தக் கடைசித் தொகை கூடிக் குறையும்.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வீட்டில் ஏற்றுகிறவருக்கு எரிபொருள் செலவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. வேகச் சார்ஜரை மட்டுமே நம்பியிருப்பவருக்கோ, சிக்கனமான பெட்ரோல் காரைவிட அதிகமாகவே செலவாகிறது. "மின்சார கார் என்றாலே மிச்சம்" என்று பொதுவாகச் சொல்லப்படுவதை, உங்கள் பார்க்கிங்கைப் பொறுத்துத்தான் ஏற்கவோ மறுக்கவோ முடியும். பராமரிப்புச் செலவு என்னவோ எல்லோருக்கும் குறைகிறது. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் கிடையா. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதால் பிரேக் பேடும் நெடுநாள் வரும். ஆனால் காரின் எடை அதிகம் என்பதால் டயர் சற்று விரைவாகவே தேயும்.

சாலிக் எனப்படும் துபாய் சாலைச் சுங்கக் கட்டணத்தில் சலுகை உண்டா?

இல்லை. 2025 ஜனவரி 31 முதல் நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம், மற்ற நேரத்தில் 4 திர்ஹம், நள்ளிரவு ஒரு மணி முதல் காலை ஆறு மணி வரை இலவசம் என்ற கட்டண முறை மின்சார காருக்கும் பொருந்தும்.

வீட்டில் சார்ஜ் செய்தால் தேவா (துபாய் மின்சார, நீர் வாரியம்) பில் எகிறிவிடாதா?

துபாயில் வீட்டு மின்சாரத்துக்கு மாதம் 2,000 யூனிட் வரை 23 ஃபில்ஸ், அடுத்த 2,000 யூனிட்டுக்கு 28, அதற்கடுத்த 2,000 யூனிட்டுக்கு 32, அதற்கும் மேல் 38 என்று படிப்படியாகக் கட்டணம் உயர்கிறது. இவற்றோடு எரிபொருள் சர்சார்ஜும் வாட் வரியும் சேரும். கவனிக்க வேண்டியது, காருக்கு ஆகும் யூனிட்டுகள் உங்கள் வழக்கமான பயன்பாட்டின் மேல்தான் ஏறுகின்றன என்பது. ஆகஸ்ட் மாதத்தில் ஏ.சி.க்கே 3,500 யூனிட் எடுக்கும் வில்லாவில், காருக்கான 360 யூனிட்டும் 28 ஃபில்ஸ் படியில் விழும். டிசம்பரில் அதே 360 யூனிட் 23 ஃபில்ஸ் படியிலேயே அடங்கிவிடும். அபுதாபியில் வெளிநாட்டவருக்கு இரண்டே படிகள்தாம், 26.8 ஃபில்ஸும் 30.5 ஃபில்ஸும், என்பதால் அங்கே வித்தியாசம் இன்னும் குறைவு. எப்படிப் பார்த்தாலும் வெளியில் ஏற்றுவதைவிட வீட்டில் ஏற்றுவதே மலிவு.

வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்குவது எப்படி?

வில்லாவாக இருந்தால் உரிமையாளரின் என்ஓசி (ஆட்சேபமில்லை என்ற கடிதம்) முதலில் தேவை. சில குடியிருப்பு வளாகங்களில் வளாகத்தைக் கட்டிய நிறுவனம் தனியாக ஒரு என்ஓசி கேட்கும். அதன்பிறகு, மின்வாரியத்தில் பதிவுபெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு, மின்பலகையிலிருந்து சார்ஜருக்கென்றே தனி ஒயர் இழுத்து, தனி பிரேக்கரும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் போட வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனை வெள்ளிக்கிழமை அழைத்து வந்து முடித்துக்கொள்ளும் வேலையாக இதை நினைக்க வேண்டாம். பல மணி நேரம் இடைவிடாமல் 32 ஆம்பியர் ஓடப்போகும் இணைப்பு அது.

அடுக்குமாடிக் கட்டடத்தில் சிக்கல் வேறு வகையானது. பேஸ்மென்டில் உள்ள மின்சாரம் கட்டடத்தின் பொது மீட்டரில் ஓடுவதால், யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. தீப்பிடிக்கும் என்ற அச்சமும் நிர்வாகத்துக்கு இருக்கிறது. அதனால் நாத்தூரிடம் (கட்டடக் காவலாளியிடம்) வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு காலம் கழிப்பதில் பயனில்லை. அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் சரி என்று சொல்லி நாம் செருகிவிட்டால், பின்னால் பழியும் அவர்மேல்தான் விழும். நிர்வாக நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் பார்க்கிங் எண், போட விரும்பும் சார்ஜரின் திறன், யூனிட்டை அளக்கத் தனித் துணை மீட்டர் பொருத்தச் சம்மதம், பதிவுபெற்ற ஒப்பந்ததாரரின் வரைபடம், குடிபெயரும்போது எல்லாவற்றையும் அகற்றிச் சுவரைப் பழையபடி ஆக்கித் தருவதாக உறுதி ஆகியவை இருக்கட்டும். ஒரே கட்டடத்தில் மின்சார கார் வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால், பொதுவான ஒரு சார்ஜரைக் கட்டணத்துக்கு வைக்க நிர்வாகமே முன்வரக்கூடும். எனக்கு இதுவே சிறந்த வழியாகத் தோன்றுகிறது. ஒருவர் வீட்டைக் காலி செய்தாலும் வசதி கட்டடத்தில் நிலைத்திருக்கும்.

கிடைத்த அனுமதியை, எஜாரியில் (துபாயின் வாடகை ஒப்பந்தப் பதிவு முறை) பதிவாகும் ஒப்பந்தத்தின் கூடுதல் நிபந்தனையாகவே எழுதி வாங்குங்கள். உரிமையாளர் வீட்டை இன்னொருவருக்கு விற்றுவிட்டால், வாட்ஸ்அப்பில் வந்த "ஓகே" எதற்கும் உதவாது.

வாடகை வீட்டுக்குச் செலவு செய்து சார்ஜர் மாட்டுவது வீண்தானே?

சுவரில் நிரந்தரமாகப் பதிக்கும் சார்ஜரை வாங்கினால் ஓரளவு அப்படித்தான். அதற்கு மாற்று வழி உண்டு. ஒப்பந்ததாரரிடம் நீல நிறத்தில் வரும் 32 ஆம்பியர் தொழிற்சாலை சாக்கெட்டை மட்டும் பொருத்தச் சொல்லிவிட்டு, அதில் செருகிக்கொள்ளும் வகை சார்ஜரை வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறும் நாளில் சார்ஜரைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். சாக்கெட் மட்டும் அங்கேயே இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீடு மாறும் நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டிலேயே செருகினால் போதாதா?

காரோடு வரும் சிறிய சார்ஜரை அதில் செருகலாம். பெரும்பாலும் 10 ஆம்பியர் வரை எடுக்கும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 2.3 யூனிட். இரவு பத்து மணி நேரம் செருகியிருந்தால் 20 யூனிட்டுக்கு மேல் ஏறி, நூறு கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டலாம். அன்றாடம் 60, 70 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இது உண்மையிலேயே போதும். 7.4 கிலோவாட் சார்ஜர் இல்லாவிட்டால் மின்சார காரே வைத்திருக்க முடியாது என்று கருதத் தேவையில்லை.

ஆபத்து சாக்கெட்டில் இருக்கிறது. பழைய வில்லாக்களில் வெளிச்சுவர் சாக்கெட்டுகள் தோட்டத்து மோட்டாருக்காகவோ விளக்குக்காகவோ போடப்பட்டவை. உள்ளே திருகு தளர்ந்திருக்கும், ஒயரும் மெல்லியதாக இருக்கலாம். முதல்முறை சார்ஜ் செய்யும்போது ஒரு மணி நேரம் கழித்து, பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பிரேக்கரை அணைத்துவிட்டு, ஆறிய பிறகு பிளக்கை உருவுங்கள். மூன்று துளைகளில் எதைச் சுற்றியாவது பழுப்புக் கறையோ கருகிய வாடையோ தெரிந்தால், அந்த சாக்கெட்டை மாற்றாமல் மறுபடி பயன்படுத்தக் கூடாது. பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டுக் கீழே நிற்கும் காருக்குச் சார்ஜ் போடுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் தனக்குள்ளேயே சூடேறி உருகும். நடைபாதையில் குழந்தைகள் நடமாடுகிறார்கள். பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் வில்லாவில் ஒரே இணைப்பில் ஏற்கெனவே எத்தனை ஏ.சி. ஓடுகிறது என்பதை யாரும் அறியமாட்டார்கள்.

ஏ.சி. சார்ஜர், டி.சி. சார்ஜர் என்று சொல்வது எதை?

வீட்டுக்கு வரும் மின்சாரம் ஏ.சி.; பேட்டரியில் சேர்வது டி.சி. மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருந்தால் அது ஏ.சி. சார்ஜிங், அந்தக் கருவியின் திறன்தான் வேகத்தின் வரம்பு. வெளியே உள்ள பெரிய பெட்டியிலேயே மாற்றி நேராகப் பேட்டரிக்கு அனுப்பினால் அது டி.சி. சார்ஜிங். 60 யூனிட் கொள்ளும் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 36 யூனிட் தேவை. 7.4 கிலோவாட் ஏ.சி. சார்ஜரில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், 50 கிலோவாட் டி.சி. சார்ஜரில் முக்கால் மணி நேரமும் ஆகும். 80 சதவீதத்துக்கு மேல் எந்தக் காரும் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், பொது இடத்தில் அதற்கு மேல் காத்திருந்து ஏற்றுவது உங்களுக்கும் நேர விரயம், வரிசையில் நிற்பவருக்கும் இடைஞ்சல்.

வீட்டில் வசதியே இல்லை. வெளியில் மட்டும் ஏற்றிக்கொண்டு சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். கார் எப்படியும் பல மணி நேரம் சும்மா நிற்கும் இடத்தில் ஏ.சி. சார்ஜர் கிடைக்கிறதா என்று பாருங்கள். அலுவலக பார்க்கிங்கில் இருந்தால் உங்கள் பிரச்சினை ஏறக்குறையத் தீர்ந்தது. மால்களிலும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளிலும் வாராந்திரச் சாமான் வாங்கும் நேரத்தில் 15 யூனிட் ஏற்றிக்கொள்ள முடிந்தால், டி.சி. சார்ஜருக்குப் போக வேண்டிய தடவைகள் குறையும். துபாயில் மின்வாரியத்தின் பச்சை நிறச் சார்ஜர்கள் பல ஆண்டுகளாக இருந்துவருகின்றன. தனியார் நிலையங்களும் பெருகியிருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளைக் கைப்பேசியில் வைத்திருப்பதும், 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்காமல் இருப்பதும் நல்லது. நீங்கள் போய்ச் சேரும் சார்ஜர் பழுதாகியிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் பெட்ரோல் கார் ஒன்று நிற்கலாம்.

அலுவலகத்திலும் வசதி இல்லை, வீட்டிலும் இல்லை, மாதம் 2,000 கி.மீ.க்கு மேல் ஓட்டியாக வேண்டும் என்றிருப்பவருக்கு என் அறிவுரை ஹைப்ரிட் கார்தான். இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்றாலும், வாரத்தில் இரண்டு மாலைகளைச் சார்ஜர் அருகே கழிப்பதைக் குடும்பம் நெடுநாள் பொறுத்துக்கொள்ளாது.

இந்த வெயிலில் பேட்டரி கெட்டுப்போகாதா?

நியாயமான கவலைதான். 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், அமீரகத்தைப் போன்ற பாலைவனச் சூட்டில், அக்காலத்து நிஸான் லீஃப் கார்கள் சிலவற்றின் பேட்டரித் திறன் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. அந்தக் காரின் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பு இல்லை. இன்று இங்கே விற்பனையாகும் பெரும்பாலான கார்களில், பேட்டரியைச் சுற்றிக் குளிர்திரவம் ஓடுகிறது, ஏ.சி. அமைப்பே அதையும் குளிர்விக்கிறது. எனவே காரைத் தேர்ந்தெடுக்கும்போது பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பழைய கார் வாங்கும்போது இன்னும் கட்டாயமாகக் கேளுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு ஒவ்வாதது சூடும் முழு நிரப்பும் ஒன்றுசேர்வது. 100 சதவீதம் ஏற்றிவிட்டு, ஜூலை மாதத்து நண்பகலில் திறந்தவெளியில் நாள் முழுக்க நிறுத்தி வைப்பதுதான் அதன் ஆயுளைத் தின்னும். நிழலில் நிறுத்துங்கள். நிக்கல் வகைப் பேட்டரி என்றால் அன்றாடத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரி இந்த விஷயத்தில் உறுதியானது. அளவு காட்டி சரியாக இருப்பதற்காக அதை அவ்வப்போது 100 வரை ஏற்றும்படி தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். உங்கள் காரில் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிவந்த கையோடு டி.சி. சார்ஜரில் செருகினால், கார் முதலில் பேட்டரியைக் குளிர்விப்பதற்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறிகள் இரைச்சலோடு ஓடும். அது பழுதல்ல.

கோடையில் ரேஞ்ச் குறைவதும் உண்மை. ஆனால் பயணத்தைத் தொடங்குமுன், கார் சார்ஜரில் செருகியிருக்கும்போதே செயலி வழியாக ஏ.சி.யை ஓடவிட்டால், உட்புறத்தைக் குளிர்விக்கும் செலவை பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கொதிக்கும் இருக்கையில் குழந்தைகளை உட்காரவைக்க வேண்டியிராத அந்த வசதிக்காகவே மின்சார காரை விரும்புகிறவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது காரை எப்படி விட்டுச் செல்வது?

50 சதவீத அளவில், கூரையுள்ள இடத்தில், செருகாமல் விடலாம். முழுவதும் ஏற்றிவிட்டுப் போவதும் தவறு, 10 சதவீதத்தில் விட்டுப் போவதும் தவறு. காரைச் சுற்றிப் படம்பிடிக்கும் காவல் கேமரா, ஏ.சி.யைத் தானாக ஓட்டும் வசதி ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். அவை இயங்கிக்கொண்டிருந்தால் நாளுக்குச் சில சதவீதம் குறைந்துகொண்டே போகும். ஊரிலிருந்து செயலியைத் திறந்து அடிக்கடி பார்ப்பதும் காரை ஒவ்வொரு முறையும் விழிக்கவைக்கும் என்பதால், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பலர் மறப்பது சிறிய 12 வோல்ட் பேட்டரியை. கதவைத் திறப்பதற்கும் கணினியை எழுப்புவதற்கும் அதுவே வேண்டும். பெரிய பேட்டரியில் பாதி இருந்தும் இந்தச் சிறியது செத்துப்போனால் காருக்குள் நுழைய முடியாது. கையேட்டில் அவசரத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதைப் புறப்படுமுன் பார்த்துவையுங்கள். இயந்திரச் சாவியைக் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இன்னொன்று, தூசி படிந்து கைவிடப்பட்டதுபோல் பொது இடத்தில் நிற்கும் காரை நகராட்சி இழுத்துச் சென்றுவிடும். நண்பர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, மாதம் ஒருமுறை கழுவி, சற்றுத் தூரம் ஓட்டி வைக்கச் சொல்லுங்கள். அவர் ஓட்டுவதற்குக் காப்பீடு இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரப் பயணங்களுக்கு நம்பிப் போகலாமா?

நாடு சிறியது. துபாயிலிருந்து அபுதாபி ஏறத்தாழ 140 கி.மீ.; ஃபுஜைரா அதைவிடவும் பக்கம். இன்றைய கார்கள் பலவற்றில் அபுதாபி போய்த் திரும்பிவிடலாம். மணிக்கு 140 கி.மீ. அனுமதிக்கப்பட்ட சாலைகளில் அதே வேகத்தில் போனால் மட்டும் 100 கி.மீ. வேகத்தில் கிடைத்த ரேஞ்ச் கிடைக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜெய்ஸ் மலை ஏறும்போது சதவீதம் மளமளவென்று இறங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஓமன் போவதானால் எல்லைக்கப்பால் செல்லும் காப்பீட்டையும், வழியிலுள்ள சார்ஜர்களையும் வீட்டிலிருந்தே உறுதிசெய்துகொண்ட பிறகுதான் புறப்பட வேண்டும்.

சீனாவிலிருந்து நேரடியாக இறக்கிய கார்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே?

மலிவுக்குக் காரணங்கள் உண்டு. சீனச் சந்தைக்காகத் தயாரான காரில் சார்ஜ் செய்யும் வாய் ஜிபி/டி என்னும் சீன வகையாக இருக்கும். அமீரகத்தின் பொது நிலையங்களில் பரவலாக இருப்பவை டைப் 2 (ஏ.சி.க்கு), சிசிஎஸ் 2 (டி.சி.க்கு) என்னும் வகைகள். ஒவ்வொரு முறையும் அடாப்டரைத் தேட வேண்டும், டி.சி. அடாப்டர்கள் எல்லாக் காருக்கும் எல்லா நிலையத்துக்கும் ஒத்துவருவதில்லை. திரையில் மொழி சீனம். வரைபடமும் செயலியும் இங்கே வேலை செய்யாமல் போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளூர் ஏஜென்சி அந்தக் காருக்குப் பேட்டரி உத்தரவாதம் தரக் கடமைப்பட்டதல்ல. ஜிசிசி ஸ்பெக் (வளைகுடா நாடுகளுக்கெனத் தயாரான) கார்களுக்குப் பெரும்பாலும் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. என்று பேட்டரிக்கு உத்தரவாதம் உண்டு. ஒரு மின்சார காரில் மிகவும் விலையுயர்ந்த பாகம் அதுதான் என்னும்போது, அந்தப் பாதுகாப்பு இல்லாத காரை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் விபத்தில் சிக்கி, இங்கே வந்து சீர்செய்யப்பட்ட கார்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழைய கார் எதுவாயினும், ஏஜென்சியில் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை எடுத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். விற்பவர் மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

காப்பீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? வெள்ளம் வந்தால்?

2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கியது முதல் காணாதது. அல் ஐன் பகுதியில் ஒரே நாளுக்குள் 254 மி.மீ. கொட்டியது. சாலைகளிலும் பேஸ்மென்டுகளிலும் எண்ணற்ற கார்கள் மூழ்கின. அதன்பிறகு காப்பீடு புதுப்பிக்கும் எல்லோரும் இயற்கைச் சீற்றத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நபர் காப்பீட்டில் அது கிடையாது. மின்சார காரின் பேட்டரிப் பெட்டி நீர் புகாதபடி அடைக்கப்பட்டிருந்தாலும், தேங்கிய நீரில் மணிக்கணக்கில் நின்ற காரைச் சார்ஜரில் செருகவோ இயக்கவோ கூடாது. ஏஜென்சிக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். பேட்டரியின் அடிப்பாகம் கல்லில் இடித்தால் அதை ஈடுசெய்வார்களா, பழுதுபார்ப்பு ஏஜென்சியிலேயே நடக்குமா, உங்கள் சொந்தச் சார்ஜர் பாதுகாப்பில் அடங்குமா என்ற மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடன் முடிவதற்குள் வேலை போய்விட்டால்?

கடன் தீரும்வரை கார் வங்கியின் அடமானத்தில் இருக்கும். வங்கியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் அதைப் பெயர் மாற்ற முடியாது. மின்சார கார்களின் மறுவிற்பனை விலை பெட்ரோல் கார்களைவிட வேகமாகச் சரிவதால், கார் விற்ற பணம் மீதிக் கடனுக்குப் போதாமல் போகும் நிலை உண்மையிலேயே ஏற்படுகிறது. இரண்டாண்டு விசாவில் இருப்பவர், ஐந்தாண்டுக் கடனில் 20 சதவீதம் மட்டும் கட்டி விலையுயர்ந்த மாடலை எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 40 சதவீதம் கட்டி மூன்றாண்டில் முடியும் காரை வாங்குங்கள். அல்லது மாத வாடகையில் ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். கடனை அடைக்காமல் விமானம் ஏறுவது, பின்னாளில் இந்த நாட்டுக்குத் திரும்பி வரும் வழியையே அடைத்துவிடும்.

ஊருக்கே திரும்பும்போது காரையும் கொண்டுபோக முடியுமா?

முடியாது. அமீரகத்துக் கார்களின் ஸ்டியரிங் இடப்பக்கம். இந்தியாவுக்கு இறக்குமதியாகும் கார்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. இலங்கையிலும் இடப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு அனுமதி இல்லை. ஆகையால் காரை இங்கேயே விற்றுத்தான் ஆக வேண்டும். விசா ரத்தாகும் தேதி தெரிந்த உடனே விற்பனைக்கு விளம்பரம் கொடுத்துவிடுங்கள். ஏஜென்சியின் சேவைப் பதிவுகள், பேட்டரி ஆரோக்கிய அறிக்கை, காரோடு வந்த சார்ஜிங் கேபிள், இரண்டு சாவிகள் ஆகியவற்றைத் தயாராக வைத்திருந்தால், பேரம் பேசும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும். பெயர் மாற்றத்துக்கு முன் அபராதங்களைக் கட்டி, சாலிக் கணக்கை மூடி, காரின் செயலியிலிருந்து உங்கள் கணக்கை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டே புது உரிமையாளரின் காரைத் திறக்கும் உரிமை உங்கள் கைப்பேசியில் இருக்கும். நீல நிறச் சாக்கெட்டை அடுத்துக் குடிவருபவருக்கு விட்டுச் செல்ல உரிமையாளர் சம்மதித்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கழற்றிச் சுவரைப் பூசிய பிறகே வீட்டுச் சாவியை ஒப்படையுங்கள், டெபாசிட்டில் பிடித்தம் இருக்காது.